தொலைவிலிருந்து ஓஎஸ் ஏற்றும் வசதி: லைசென்ஸ் எடுக்கலாமா?

புதிதாக ரேக் சர்வர்கள் வாங்கப்போகும் நண்பர் கேட்டார்: நெட்வொர்க் பகிர்விலிருந்து (வேறொரு கணினி பகிரும் கோப்புறை) ஐஎஸ்ஓவை (நிறுவல் வட்டின் கோப்பு வடிவம்) இணைத்து ஓஎஸ் (இயங்குதளம்) ஏற்றும் வசதிக்குக் கூடுதல் லைசென்ஸ் எடுக்கலாமா? சில ஆண்டுகளாக இதனுடன்தான் என் பிழைப்பு ஓடுகிறது; எனவே விரிவாகவே சொல்லிவிடுகிறேன்.

வசதி அருமையானது. முன்பெல்லாம் ஐஎஸ்ஓ என் மடிக்கணினியில் இருக்கும்; பிரவுசர் வழியாக, விபிஎன் வழியாக ஊர்ந்து போகும். இணைப்பு ஒரு கணம் அறுந்தால் பாதியில் நிற்கும் நிறுவலை மறுபடி தொடங்க வேண்டும். இப்போது ஐஎஸ்ஓவை டேட்டா சென்டரிலேயே உள்ள ஒரு லினக்ஸ் கணினியில் வைக்கிறேன். சர்வரின் நிர்வாகச் சிப் (சர்வரைத் தொலைவிலிருந்து கையாள உதவும் தனிச் சிப்) அதை எடுத்து, யுஎஸ்பி சிடி டிரைவ் போலச் சர்வருக்குக் காட்டுகிறது. மடிக்கணினியை மூடிவிட்டு வீட்டுக்குக் கிளம்பலாம்.

என் கோபமெல்லாம் ஒரே ஒரு வரியின் மீதுதான்: “பகிர்வை இணைக்க முடியவில்லை.” கடவுச்சொல் தவறானாலும் இதே வரி. பாதையில் பெரிய எழுத்துக்குப் பதில் சிறிய எழுத்து இருந்தாலும் இதே வரி. ஃபயர்வால் தடுத்தாலும் இதே வரிதான். இவ்வளவு விலை கொடுத்து வாங்கும் சாதனம் காரணத்தைச் சொல்ல மறுப்பது அநியாயம்.

இதில் மிகக் கொடியது என்எஃப்எஸ் (லினக்ஸில் வழக்கமான கோப்புப் பகிர்வு முறை) விவகாரம். எங்கள் சிப்புக்குத் தெரிந்தது 1995இல் வெளிவந்த என்எஃப்எஸ் 3 மட்டுமே. அது முதலில் 111ஆம் போர்ட்டில் விசாரித்து, மவுண்ட்-டி (பகிர்வை இணைக்கும் கோரிக்கைகளைக் கவனிக்கும் சேவை) எந்தப் போர்ட்டில் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டு அங்கே போகும். உபுண்டு லினக்ஸில் அந்தப் போர்ட்டை நாமாக நிர்ணயிக்காவிட்டால், சேவை மறுபடி தொடங்கும்போதெல்லாம் அது மாறும். புதிய போர்ட்டை ஃபயர்வால் தடுத்துவிடும்; நேற்று இணைந்த பகிர்வு இன்று இணையாது. யாரும் எதையும் தொட்டிருக்க மாட்டார்கள். பகிர்வுக் கணினியின் லாகை (நிகழ்வுப் பதிவை) பாருங்கள். மவுண்ட் கோரிக்கை வந்த தடயமே இல்லையென்றால், சந்தேகம் முதலில் ஃபயர்வால் மீது விழ வேண்டும்.

சாம்பாவுக்கு (விண்டோஸின் எஸ்எம்பி பகிர்வு முறையை லினக்ஸில் தரும் மென்பொருள்) மாறலாமே என்பார்கள். எங்கள் பழைய சர்வர்களுக்கு அந்த முறையின் பழைய பதிப்பான எஸ்எம்பி 1 மட்டுமே புரியும். சாம்பா 2019இல், 4.11ஆம் பதிப்பில், அதை இயல்பிருப்பில் அணைத்தது, சரியாகவே செய்தது. 2017இல் வான்னகிரை என்ற பணம் பறிக்கும் தீநிரல் பரவிய ஓட்டை விண்டோஸின் எஸ்எம்பி 1 பகுதியில்தான் இருந்தது. ஓஎஸ் ஏற்றுவதற்காக அந்தக் கதவை மறுபடி திறக்க நான் ஒருபோதும் சம்மதிக்க மாட்டேன்.

போன வாரம் சிப்பின் ஃபர்ம்வேரை (உள்ளமைந்த மென்பொருளை) புதுப்பித்தோம். மறுபடியும் அதே வரி. எனவே இன்றைய மனநிலையில் என் பதில்: எடுக்காதீர்கள். டிஹெச்சிபி (கணினிகளுக்கு ஐபி முகவரி வழங்கும் சேவை) உங்கள் கட்டுப்பாட்டில் இருந்தால் பிஎக்ஸ்இ பூட் (நெட்வொர்க் வழியாகவே சர்வரைத் தொடங்கும் முறை) போதும். அதற்குத் தனி லைசென்ஸ் கிடையாது. டிஹெச்சிபி வேறு குழுவின் கையில் இருந்து, அவர்கள் தொட விடாவிட்டால் மட்டும் இதை வாங்குங்கள். வாங்கினால், மவுண்ட்-டியை 20048இல் நிலைநிறுத்திவிட்டு, 111, 2049 (என்எஃப்எஸ்ஸின் போர்ட்), 20048 மூன்றையும் டிசிபி, யுடிபி இரண்டிலும் திறக்கும்படி ஃபயர்வால் குழுவுக்கு முதல் நாளே எழுதிக் கொடுத்துவிடுங்கள்.