ரத்தம் கொடுக்கலாம், விந்து வேண்டாம்: சுங்கை சிப்புட்டில் ஓர் ஆய்வுக்கூடம்

சர்க்கரை, கொழுப்புப் பரிசோதனைக்குப் பேர் வாங்கிய கடைவீட்டு ஆய்வுக்கூடம் இது. இப்போது வாசலில் புதிதாக 'ஆண் கருவள முழுப் பரிசோதனை' என்று பலகை வைத்திருக்கிறார்கள். விந்து, குரோமோசோம், ஒய் குரோமோசோம் நுண்ணிழப்பு (ஆணுக்குரிய ஒய் குரோமோசோமில் சிறு துண்டு விடுபட்டிருப்பது) என மூன்றுக்கும் சேர்த்து ஒரே கட்டணம். வீட்டுப் பெரியவர்களின் நச்சரிப்பு தாங்காமல் மூன்றையும் ஒரே நாளில் முடித்துவிட வருபவர்கள்தான் அதிகம். அப்படி வாங்காதீர்கள்.

விந்தை இங்கே கொடுக்கவே வேண்டாம். பார்த்துச் சொல்ல ஆளில்லை. எல்லாம் ஈப்போ ஆய்வுக்கூடத்துக்குத்தான் போகிறது, அந்த வண்டியும் மாலையில்தான் கிளம்புகிறது. விந்து வெளியான ஒரு மணி நேரத்துக்குள் ஆய்வு தொடங்க வேண்டும். அதுவரை 20 முதல் 37 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஏர்கோன் அறையில் மதியம் முழுக்கக் கிடந்த குப்பிக்கு 'அசைவு குறைவு' என்று முடிவு வந்தால், கோளாறு ஆளிடமா வண்டியிடமா என்று யார் சொல்வது? ஈப்போவில் நேரிலேயே கொடுங்கள். 2 முதல் 7 நாள் விந்து வெளியேற்றாமல் இருந்துவிட்டுப் போங்கள். முதலில் வருவதில்தான் விந்தணுக்கள் அதிகம்; அது சிந்திவிட்டால் மறைக்காமல் சொல்லுங்கள். கடுங்காய்ச்சல் வந்திருந்தால் மூன்று மாதம் பொறுங்கள், அணு உருவாக ஏறத்தாழ 74 நாள் ஆகும்.

உலகச் சுகாதார நிறுவனத்தின் 2021 கையேடு சொல்லும் கீழ் எல்லை மில்லிக்கு 1 கோடியே 60 லட்சம் அணுக்கள். அதற்குச் சற்றுக் குறைந்ததுமே மரபணுப் பரிசோதனையைத் தேடி ஓட வேண்டியதில்லை. இரண்டு முறை விந்தைப் பரிசோதித்தும் 50 லட்சத்துக்குக் கீழே வந்தால் யோசிக்கலாம். 10 லட்சமும் இல்லையென்றால் பார்த்தே ஆக வேண்டும்.

ரத்தம் எடுப்பதில் இவர்களைக் குறை சொல்ல முடியாது. கை சுத்தம், குழாயும் மாறுவதில்லை. நுண்ணிழப்புக்கு ஊதா மூடி, குரோமோசோமுக்குப் பச்சை மூடி. பச்சையில் இருக்கும் ஹெப்பாரின் என்ற உறைவுத் தடுப்பு மருந்து, நுண்ணிழப்பைத் தேட மரபணுத் துண்டுகளைப் பெருக்கும் பிசிஆர் முறையைக் கெடுத்துவிடும், அதனால் மாறினால் வம்பு. ஊதாக் குழாய் குளிர்பெட்டியில் சில நாள் தாங்கும். பச்சையில் இருக்கும் செல்களை வளர்த்துத்தான் குரோமோசோம் பார்க்கிறார்கள், அவை உயிரோடு போய்ச் சேர வேண்டும். எனவே வெள்ளிக்கிழமை மாலை கொடுக்காதீர்கள்.

பெரிய குறை அறிக்கையில்தான். 'இழப்பு இல்லை' என்று ஒரே வரி. முழுத்தாளைக் கேட்டு வாங்குங்கள். அணு உருவாகத் தேவையான, ஒய் குரோமோசோமின் ஏஇசட்எஃப் என்ற இடத்தில் ஏ, பி, சி என மூன்று பகுதிகள். ஏ-க்கு எஸ்ஒய்84, எஸ்ஒய்86; பி-க்கு எஸ்ஒய்127, எஸ்ஒய்134; சி-க்கு எஸ்ஒய்254, எஸ்ஒய்255 என்ற ஆறு அடையாளங்களும் அதில் இருக்க வேண்டும். பிசிஆர் ஒழுங்காக ஓடியதற்குச் சாட்சியாக எஸ்ஆர்ஒய், இசட்எஃப்ஒய் என்ற மரபணுக்கள் இரண்டும் தெரிய வேண்டும். ஒரு பகுதிக்கான ஜோடி அடையாளங்களில் ஒன்று மட்டும் காணவில்லை என்றால் உடனே நம்பாதீர்கள், திரும்பச் செய்யச் சொல்லுங்கள்.

ஏ அல்லது பி முழுதாகப் போயிருந்தால் விரையைக் கீறித் தேடினாலும் அணு கிடைக்கும் நம்பிக்கை அனேகமாக இல்லை. வீண் அறுவையாவது மிச்சம். சி மட்டும் என்றால் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கிடைக்கிறது. ஆனால் அந்த அணுவில் பிறக்கும் மகனுக்கும் அதே இழப்பு போகும். கவுண்டரில் இதை விளக்க யாருமில்லை, சிறுநீரகவியல் மருத்துவரிடம்தான் தாளை நீட்ட வேண்டும்.

இன்னொன்று. 'முழுப் பரிசோதனை' என்ற இந்தத் தொகுப்பில் சிஎஃப்டிஆர் மரபணு இல்லை; அதில் கோளாறு இருந்தால் விந்து நாளம் (விரையிலிருந்து அணுவைக் கொண்டுவரும் குழாய்) இல்லாமல் பிறக்கக்கூடும். விந்தின் அளவு 1.4 மில்லிக்கும் குறைவு, அணு சுத்தமாக இல்லை, விந்து நாளமும் கைக்குத் தட்டுப்படவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியதே அதுதான்.

பணம் கட்டும்போது தொகுப்பைப் பிரித்து ரத்தப் பரிசோதனைக்கு மட்டும் ரசீது கேளுங்கள். பலகையில் எழுதவில்லையே தவிர, கேட்டால் போட்டுத் தருகிறார்கள்.