விஎம்முக்கு பிரிட்ஜா, நேட்டா, மேக்விடேப்பா?

கணினிக்குள் மென்பொருளாக ஓடும் இன்னொரு கணினியான விர்ச்சுவல் மெஷினிலிருந்து (விஎம்) இணையத்துக்குப் போக முடிகிறது, ஆனால் அதே நெட்வொர்க்கில் இருக்கும் இன்னொரு கணினியிலிருந்து அதற்குள் வர முடியவில்லை. 'பிரிட்ஜ் போட்டுடு' என்ற அறிவுரை இந்த இடத்தில்தான் வரும். சரி, எந்த பிரிட்ஜ்? விஎம் ஓட்டும் மென்பொருளான விர்ச்சுவல்பாக்ஸில் ஒரு பட்டியலைத் திறந்து தேர்ந்தெடுப்பதும் பிரிட்ஜ்தான். லினக்ஸில் அதன் சொந்த விஎம் வசதியான கேவிஎம்முக்காக நாமே கட்டுவதும் பிரிட்ஜ்தான். மேக்விடேப்பையும் பலர் அந்தக் கணக்கில்தான் சேர்க்கிறார்கள். மூன்றும் ஒரே வேலையைச் செய்வதுபோலத் தெரிந்தாலும் காலை வாரும் இடம் வேறு வேறு. என்னைக் கேட்டால் இரண்டு கேள்விகள்தான் முக்கியம். பேச்சை முதலில் தொடங்கப்போவது விஎம்மா, வெளியே இருப்பவர்களா? ஹோஸ்ட், அதாவது விஎம் ஓடும் நிஜக் கணினி, நெட்வொர்க்கில் சேர்ந்திருப்பது கேபிளிலா, வைஃபையிலா? வேகம், வசதி எல்லாம் அப்புறம்.

நேட்டை அவசரப்பட்டுத் தூக்கிப்போட வேண்டாம்

பெரும்பாலான மென்பொருள்கள் எடுத்த எடுப்பில் தருவது நேட், அதாவது முகவரியை மாற்றி வெளியே அனுப்பும் முறை. விர்ச்சுவல்பாக்ஸில் கெஸ்ட்டுக்கு (விஎம்முக்கு) வழக்கமாக 10.0.2.15 என்ற ஐபி முகவரி கிடைக்கும், கேவிஎம்மை நிர்வகிக்கும் லிப்விர்ட்டில் 192.168.122 என்று தொடங்கும் முகவரி. வெளியே போகும் பாக்கெட்டுகள் ஹோஸ்ட்டின் முகவரியைப் போட்டுக்கொண்டு போவதால், அப்படி ஒரு விஎம் இருப்பதே ரவுட்டருக்குத் தெரியாது. அப்டேட் இறக்க, எழுதிய நிரலைச் சோதிக்க, இணையத்தில் மேய இது தாராளம். கேபிளோ வைஃபையோ மொபைல் ஹாட்ஸ்பாட்டோ, எதிலும் ஓடும்.

வெளியிலிருந்து உள்ளே வர போர்ட் ஃபார்வர்டிங் இருக்கிறது. ஹோஸ்ட்டின் 2222 என்ற போர்ட்டை (சேவைக்கான வாசல் எண்) கெஸ்ட்டின் 22-க்குத் திருப்பிவிட்டால், தொலைவிலிருந்து கட்டளை அடிக்க உதவும் எஸ்எஸ்ஹெச் வேலை முடிந்தது. ஒன்றிரண்டு போர்ட்டுக்காக பிரிட்ஜ் கட்டுவது வீண் வேலை என்பது என் கட்சி. விர்ச்சுவல்பாக்ஸில் இதற்கென்றே ஒரு திரை உண்டு. லிப்விர்ட்டின் வழக்கமான நேட் நெட்வொர்க்கில் அந்த வசதி கிடையாது; விஎம் தொடங்கும்போது தானாக ஓடும் ஹூக் ஸ்கிரிப்டில் ஃபயர்வால் விதியை நாமே எழுதிவைக்க வேண்டும்.

நேட் கைவிரிக்கும் இடங்களும் உண்டு. நெட்வொர்க்கில் எல்லோருக்கும் பிராட்காஸ்ட் அனுப்பித் தேடும் மென்பொருள்கள் விஎம்மைக் கண்டுபிடிக்காது. விர்ச்சுவல்பாக்ஸ் நேட்டில் யார் வந்தாலும் நேட்டின் சொந்த முகவரியான 10.0.2.2-இலிருந்து வந்ததாகத்தான் கெஸ்ட்டின் லாக் சொல்லும். வெப் சர்வர் வைத்து யார் வந்தார்கள் என்று பார்க்க நினைப்பவருக்கு இது பெரிய தலைவலி. ஃபைல் சர்வர், பெயரை ஐபியாக மாற்றித்தரும் டிஎன்எஸ் சர்வர், எந்நேரமும் எல்லோரும் தொட வேண்டிய எதுவானாலும் நேட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும்.

லினக்ஸ் பிரிட்ஜ்: கட்டுவதுதான் கஷ்டம்

லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் ஓடும் ஒரு ஸ்விட்ச் இது. ஹோஸ்ட்டின் ஈதர்நெட் கார்டு அதில் ஒரு போர்ட் (இங்கே எண் அல்ல, கேபிள் செருகும் துளை மாதிரி); ஒவ்வொரு விஎம்முக்கும் உருவாகும் டேப் இடைமுகம் (மென்பொருள் கார்டு) இன்னொரு போர்ட். ரவுட்டரின் பார்வையில் விஎம்மும் கேபிளில் செருகிய தனிக் கணினிதான். அதற்கென ஒரு மேக் முகவரி (கார்டின் அடையாள எண்), ரவுட்டரே தரும் ஐபி, நெட்வொர்க்கில் எல்லோருடனும் நேரடிப் பேச்சு. ஹோஸ்ட்டுக்கும் விஎம்முக்கும் இடையிலும் தடை இல்லை.

பலர் சறுக்குவது ஹோஸ்ட்டின் ஐபி விஷயத்தில். கார்டை பிரிட்ஜில் சேர்த்தபின் அந்தக் கார்டுக்கு ஐபி இருக்கக் கூடாது. முகவரி, கேட்வே எல்லாம் பிரிட்ஜுக்கு மாற வேண்டும். எஸ்எஸ்ஹெச்சில் உட்கார்ந்துகொண்டு இதைக் கட்டளை கட்டளையாக அடித்தால், கார்டைச் சேர்த்த நொடியில் இணைப்பு போய்விடும், அடுத்த கட்டளையை அடிக்க வழியில்லை. எல்லாவற்றையும் கான்ஃபிக் கோப்பில் எழுதி ஒரே வீச்சில் செயல்படுத்துவதே சரி. உபுண்டுவின் நெட்வொர்க் அமைப்புக் கருவியான நெட்பிளானில் 'ட்ரை' என்ற கட்டளை உண்டு. புதிய அமைப்பைப் போட்டுவிட்டு 120 நொடி காத்திருக்கும். நீங்கள் உறுதி செய்யாவிட்டால் பழையபடி திருப்பிவிடும். ஆனால் பிரிட்ஜ் போன்ற சில அமைப்புகளை அதனால் முழுசாகத் திருப்ப முடியாமல் போவதும் உண்டு. தொலைவில் இருக்கும் சர்வர் என்றால் நெட்வொர்க் அறுந்தாலும் உள்ளே வர உதவும் கன்சோல் வழி ஒன்றைத் திறந்துவைத்துக்கொண்டே கை வையுங்கள்.

நெட்வொர்க்மேனேஜர் என்ற லினக்ஸ் கருவியில் கட்டினால் இன்னொரு விஷயம். அது எஸ்டிபி என்ற லூப் (பாக்கெட் முடிவில்லாமல் சுற்றுவது) தடுப்பு ஏற்பாட்டைத் தானாகவே இயக்கிவைக்கிறது. புதிதாகச் சேரும் போர்ட் 15 நொடி கேட்கும், 15 நொடி கற்கும், அப்புறம்தான் பாக்கெட்டை அனுப்பும். இந்த 30 நொடிக்குள் வேகமாக பூட் ஆகும் விஎம் டிஹெச்சிபி (தானாக ஐபி ஒதுக்கும் முறை) வழியாக ஐபி கேட்டு, பதில் வராமல் சலித்துப்போய் ஐபி இல்லாமல் நிற்கும். ஒரே ஒரு கேபிள் உள்ள ஹோஸ்ட்டில் லூப் வர வாய்ப்பே குறைவு; எஸ்டிபியை அணைத்துவிடலாம்.

கன்டெய்னர் மென்பொருளான டாக்கர் ஓடும் ஹோஸ்ட்டில் ஒரு விசித்திரம் நடக்கும். விஎம்மால் ஹோஸ்ட்டை பிங் செய்ய முடியும், ரவுட்டரை முடியாது. பிரிட்ஜுக்குள்ளேயே கடக்கும் பாக்கெட்டுகளையும் ஐபிடேபிள்ஸ் என்ற ஃபயர்வால் வழியாக அனுப்பும் கெர்னல் மாட்யூல் ஒன்று ஏற்றப்பட்டிருக்கும். கூடவே, கடந்து போகும் எதையும் இயல்பாகவே தடுக்கும்படி டாக்கர் விதியை மாற்றியிருக்கும். பிரிட்ஜ் அமைப்பில் ஒரு குறையும் இருக்காது, ஆனாலும் அதையே திரும்பத் திரும்பப் பிரித்துக் கட்டிக்கொண்டிருப்போம். டாக்கர் பயனருக்கென விட்டுவைத்திருக்கும் விதிச் சங்கிலியில் பிரிட்ஜுக்கு அனுமதி சேர்த்தால் போதும்.

மேக்விடேப்: ஒரே வரியில் முடியும், ஹோஸ்ட் மட்டும் பேசாது

பிரிட்ஜே கட்டாமல் விஎம்மை நேராக ஈதர்நெட் கார்டின்மேல் ஏற்றிவிடுவது மேக்விடேப். ஹோஸ்ட்டின் ஐபியைத் தொட வேண்டியதில்லை, எஸ்எஸ்ஹெச் அறாது, விஎம்மின் அமைப்பில் ஒரு பகுதியை மாற்றினால் முடிந்தது. ரவுட்டர் தனி ஐபி தரும். நெட்வொர்க்கில் உள்ள எந்தக் கணினியும் விஎம்மைத் தொடலாம்.

ஹோஸ்ட்டைத் தவிர. அதிலிருந்து பிங் செய்தால் மட்டும் பதில் வராது. விஎம் அனுப்பும் பாக்கெட் ஹோஸ்ட்டின் நெட்வொர்க் அடுக்கை எட்டிப் பார்க்காமல் நேரே கேபிளில் இறங்கிவிடுகிறது. அது ஹோஸ்ட்டுக்கே உரியதாக இருந்தாலும் வெளியே உள்ள ஸ்விட்ச் வரைக்கும் போகும். வந்த போர்ட்டிலேயே ஒரு பாக்கெட்டைத் திருப்பி அனுப்பும் வழக்கம் சாதாரண ஸ்விட்சுக்குக் கிடையாது. அங்கேயே அதன் கதை முடிகிறது. இதே காரணத்தால், லிப்விர்ட்டில் முறையைக் குறிப்பிடாமல் விட்டால் வரும் 'வெப்பா' முறையில் ஒரே ஹோஸ்ட்டின் இரண்டு விஎம்கள்கூட ஒன்றோடொன்று பேசாது. 'பிரிட்ஜ்' முறைக்கு மாற்றினால் விஎம்கள் பேசிக்கொள்ளும். ஹோஸ்ட் அப்போதும் தனிதான்.

இதைச் சரிசெய்ய வழி இருக்கிறது. ஹோஸ்ட்டிலும் அதே கார்டின்மேல் ஒரு மேக்விலேன் இடைமுகம் (மெய்நிகர் கார்டு) உருவாக்கி, ஹோஸ்ட்டின் ஐபியை அதற்கு மாற்றலாம். ஆனால் ஐபியை மாற்றும் அளவுக்கு வந்துவிட்டால் நேராக பிரிட்ஜே கட்டிவிடலாமே! விஎம்முக்கு இரண்டாவது கார்டு ஒன்றைக் கொடுத்து, ஹோஸ்ட்டோடு மட்டும் பேசும் தனி நெட்வொர்க்கில் சேர்ப்பது இதைவிடச் சுத்தமான வழி. ஹோஸ்ட்டிலிருந்து பேக்கப் எடுக்கவோ ஃபைல் பகிரவோ தேவையே இல்லாத விஎம்முக்கு மேக்விடேப் கச்சிதம். மற்றவற்றுக்கு நான் இதைப் பரிந்துரைப்பதில்லை. முதல் நாள் மிச்சமாகும் நேரம் பின்னால் வட்டியோடு போய்விடுகிறது.

வைஃபை என்றால் கதையே வேறு

லினக்ஸ் பிரிட்ஜில் வைஃபை கார்டைச் சேர்க்கப் பார்த்தால் கெர்னலே மறுத்துவிடும். கணினியிலிருந்து ஆக்சஸ் பாயின்ட்டுக்குப் போகும் வைஃபை ஃப்ரேமில் (பாக்கெட்டைச் சுமக்கும் உறை) வழக்கமாக மூன்று முகவரிகளுக்குத்தான் இடம்: ஆக்சஸ் பாயின்ட், அனுப்புகிற கணினி, போய்ச் சேர வேண்டிய இடம். அந்தக் கணினிக்குப் பின்னால் இன்னொரு விஎம் இருக்கிறது என்று சொல்ல நான்காவது முகவரி வேண்டும். அந்த முறையும் இருக்கிறது, ஆனால் இரு முனையும் அதை ஆதரிக்க வேண்டும். எல்லா ஆக்சஸ் பாயின்ட்டும் அதற்கு இசையாது.

அப்படியானால் விர்ச்சுவல்பாக்ஸ் மட்டும் வைஃபையில் எப்படி பிரிட்ஜ் செய்கிறது? வெளியே போகும் ஒவ்வொரு பாக்கெட்டிலும் விஎம்மின் மேக் முகவரியை அழித்து ஹோஸ்ட்டின் முகவரியை எழுதுகிறது. பதில் வரும்போது ஐபியைப் பார்த்து உரிய விஎம்முக்குத் திருப்பிவிடுகிறது. ஒருவகையில் இதுவும் முகவரி மாற்று வேலைதான், ஐபிக்குப் பதில் மேக் முகவரியில். பெரும்பாலும் ஓடும். மேக் முகவரியைப் பார்த்து ஐபி ஒதுக்கும் ரவுட்டரிலோ, ஆளுக்கொரு உள்நுழைவு கேட்கும் பொது வைஃபையிலோ இதை நம்பி இறங்க வேண்டாம். மடிக்கணினியில் வைஃபையோடு சுற்றுபவருக்கு நேட்டும் போர்ட் ஃபார்வர்டிங்கும்தான் என் பரிந்துரை.

ஓபன் விஸ்விட்ச் என்ற மென்பொருள் ஸ்விட்ச் பற்றியும் கேட்பார்கள். பல ஹோஸ்ட்டுகளை ஒரே இடத்திலிருந்து ஆள வேண்டியவர்களுக்கு அது. விலேன் (ஒரே கேபிளில் தனித்தனி நெட்வொர்க்) பிரிக்க மட்டும் என்றால் 2013-இல் வந்த 3.9 கெர்னலிலிருந்தே லினக்ஸ் பிரிட்ஜ் அதைச் செய்கிறது.

பிரிட்ஜோ மேக்விடேப்போ, எதைப் போட்டாலும் விஎம்மின் தவறு மொத்த நெட்வொர்க்குக்கும் எட்டும். சோதனைக்காக விஎம்மில் டிஹெச்சிபி சர்வர் ஒன்றை ஓட்டினால், நெட்வொர்க்கில் உள்ள மற்ற கணினிகளுக்கும் அது ஐபி கொடுக்க ஆரம்பித்துவிடும். ஒரு விஎம்மை நகலெடுக்கும்போது மேக் முகவரியை மாற்றியும் இரண்டுக்கும் ஒரே ஐபி வந்தால், கெஸ்ட்டின் உள்ளே இருக்கும் மெஷின் ஐடி கோப்பைப் பாருங்கள். லினக்ஸ் கெஸ்ட்டின் நெட்வொர்க்கைக் கவனிக்கும் சிஸ்டம்டி-நெட்வொர்க்டி தன்னை டிஹெச்சிபியிடம் அடையாளம் காட்டுவது அந்த எண்ணை வைத்துத்தான். நகலெடுக்கும் முன் அதைக் காலி செய்துவிட்டால் அடுத்த பூட்டில் புதிது உருவாகும்.

வாடகை சர்வரில் பிரிட்ஜ் கட்டும் முன் அந்த நிறுவனத்தின் விதிகளைப் படித்துவிடுவது நல்லது. பல இடங்களில் பதிவு செய்யாத மேக் முகவரியிலிருந்து ஒரு பாக்கெட் வந்தாலும் ஸ்விட்ச் தடுத்துவிடும், சில இடங்களில் சர்வரையே துண்டித்துவிடுவார்கள். அங்கே கூடுதல் ஐபிக்கென்று தனி மேக் முகவரி தந்தால் அதை விஎம்முக்குப் போட்டு பிரிட்ஜ் கட்டலாம். தராவிட்டால் ரவுட்டட் முறைதான். ஹோஸ்ட்டே ரவுட்டராக நின்று விஎம்மின் ஐபிக்கு வழிகாட்டும். வெளியே தெரிவது ஹோஸ்ட்டின் மேக் முகவரி மட்டுமே.