காசிமேட்டு விடியற்காலைக்கு எது: போனா, பழைய டிஎஸ்எல்ஆரா?

காசிமேடு துறைமுகத்தில் விடியுமுன் நடக்கும் மீன் ஏலத்தைப் படமெடுக்க, கையிலிருக்கும் போன் போதுமா, செகண்ட் ஹேண்டில் ஒரு டிஎஸ்எல்ஆர் (லென்ஸ் மாற்றக்கூடிய பெரிய கேமரா) வாங்கலாமா? நான் டிஎஸ்எல்ஆர் வாங்கியவன். அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எடை, எடுத்த கையோடு வாட்ஸ்அப்பில் அனுப்புவது, கூட்டத்தில் யாரையும் இடிக்காமல் எடுப்பது எல்லாவற்றிலும் போன்தான். பகலில் 1856-இல் திறந்த ராயபுரம் ரயில் நிலையத்தின் தூண்களை எடுத்தால், போன் திரையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

என்னை முடிவெடுக்க வைத்தது இருட்டு. போனில் வெளிச்சத்தைப் பிடிக்கும் சென்சார் சின்னது. அதனால் நைட் மோட் அடுத்தடுத்துப் பல படங்களைப் பிடித்து, கை நடுக்கத்தைச் சரிக்கட்டி, ஒன்றாகச் சேர்க்கிறது. 2018-இல் கூகுள் பிக்சல் போனில் இது நைட் சைட் என்ற பெயரில் வந்தபோது நானும் வாயைப் பிளந்தேன். ஆனால் காசிமேட்டில் அது படகு விளக்கின் மஞ்சளை வெளிற வைக்கிறது, கறுப்பு வானத்தை நீலமாக்குகிறது. கூடை தூக்குபவரின் கை சில நேரம் மங்கிக் குழம்புகிறது. நாலரை மணி, ஆறரை போலத் தெரிகிறது. டிஎஸ்எல்ஆரில் நிறைய வெளிச்சம் உள்ளே விடும் 50 எம்எம் 1.8 லென்ஸ் மாட்டி, ரா-வில் (சென்சார் பிடித்ததைக் கேமரா மெருகேற்றாமல் சேமிக்கும் ஃபைல்) எடுத்தால், படம் கொஞ்சம் நாய்ஸோடு, அதாவது புள்ளி புள்ளியாக வரும். ஆனால் எவ்வளவு வெளிச்சம் ஏற்றுவது என்பது என் கையில்.

வேடிக்கை என்னவென்றால், பார்க்கிறவர்கள் கண்ணும் மாறிவிட்டது. "என்னண்ணா, இவ்ளோ இருட்டா இருக்கு, ஃப்ளாஷ் ரிப்பேரா?" என்கிறார்கள், தினமும் அதே இருட்டில் மீன் இறக்கும் பையன்கள்! ஃபிலிம் காலத்தில் லேபில் பிரிண்ட் போட்டவரும் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்தவர்தான். ஆனால் நெகட்டிவ் நம்மிடம் தனியாக இருந்தது. இன்று அந்த வேலையைச் செய்வது ரா ஃபைல்.

போனிலும், எல்லாவற்றையும் நாமே செட் செய்யும் புரோ மோடும் ரா-வும் உண்டு. நான் பகலில் மட்டும் தட்டிப் பார்த்திருக்கிறேன். விலை உயர்ந்த மாடல்களை இந்த இருட்டில் வைத்துப் பார்த்ததில்லை, அதனால் அடித்துச் சொல்ல மாட்டேன்.

அப்புறம் பராமரிப்பு. இதில் டிஎஸ்எல்ஆருக்குத் தோல்விதான். நம்ம ஏரியாக் கடற்காற்றில் உப்பும் ஈரமும் அதிகம், லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள். பழைய லென்ஸ் வாங்கும்போது ஒரு பக்கம் போன் டார்ச்சை அடித்து, மறுபக்கம் பாருங்கள். உள்ளே நூல் நூலாகத் தெரிந்தால், எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.