கதவடித் துருவுக்கு எபாக்ஸி ப்ரைமர்: மூன்று மழைக்காலத்துக்குப் பிறகு

கடலோர ஊரில் ஓடும் காரில் துரு சீக்கிரம் பிடிக்கும் இடங்களில் ஒன்று கதவின் அடி மடிப்பு. பெயின்ட் பட்டாணி அளவுக்குக் கொப்பளித்திருந்தால் உள்ளே ரொம்ப தூரம் பரவியிருக்கும். கண்ணாடி பீடிங் (ரப்பர் பட்டை) வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் அடியிலுள்ள துளைகள் வழியே வடிய வேண்டும். அதில் மண்ணும் சருகும் அடைத்தால் தண்ணீர் மடிப்பிலேயே தேங்கும்.

என் காரின் இடது கதவில் கொப்பளத்தைச் சுரண்டி, பட்டி பூசி, ஸ்ப்ரே அடித்த வேலை ஒரே மழைக்காலத்தில் மறுபடி எழும்பிவிட்டது. பாலியெஸ்டர் பட்டி ஈரத்தை உறிஞ்சும். மிச்சத் துரு அதற்கடியில் தொடர்ந்து அரிக்கும்.

வலது கதவில் செய்தது இன்றுவரை நிற்கிறது. முதலில் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பார்க்க வேண்டும். பொத்துக்கொண்டால் தகடு போச்சு, டிங்கரிங் கடையில் வெட்டி வெல்டிங் வைப்பதுதான் வழி. தகடு கெட்டியாக இருந்தால் 80 நம்பர் உப்புத்தாளில் வெள்ளையாகும்வரை தேய்க்கணும். குழிகளில் ஒட்டியிருக்கும் கறுப்புப் புள்ளிக்கு மட்டும் துரு கன்வெர்ட்டர், அதாவது துருவை அரிக்காத பொருளாக மாற்றும் ரசாயனம். பாஸ்பாரிக் அமில வகையென்றால் டப்பாவில் சொன்னபடி கழுவி, உடனே உலர்த்துங்கள். அமிலம் மிச்சமிருந்தால் எபாக்ஸி பிடிக்காது. பிறகு எபாக்ஸி ப்ரைமர் (ஈரம் புகாமல் தகட்டை மூடும் அடிப்பூச்சு) இரண்டு கோட். பட்டி தேவையென்றால் அதற்கு மேல்தான், காய்ந்த எபாக்ஸியை 180-ல் லேசாகக் கீறிவிட்டு. பட்டியில் கலக்கும் ஹார்டனர் பட்டியின் எடையில் சுமார் 2 சதவீதம். கூட்டினால் கலர் மேலே கறை ஏறும். அப்புறம் சர்பேசர் (மேற்பரப்பைச் சமப்படுத்தும் ப்ரைமர்), 600 வாட்டர் பேப்பர், கலர், இரண்டு பாகம் கலக்கும் கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு). கிளியரின் ஹார்டனரில் நுரையீரலைக் கெடுக்கும் ஐசோசயனேட் உண்டு. துணி மாஸ்க் பிரயோஜனமில்லை.

குறை இல்லாமல் இல்லை. கிளியர் முடியும் கோட்டில் விரல் நீளத்துக்கு நகம் வைத்தாலே உரிகிறது. மாஸ்கிங் டேப்பைத் தட்டையாக ஒட்டியதால் வந்த வினை. விளிம்பைச் சுருட்டி ஒட்டியிருந்தால் கிளியர் படிப்படியாக மெலிந்திருக்கும். மெட்டாலிக் சில்வர் என்பதால் வெயிலில் பக்கவாட்டில் பார்த்தால் ஒட்டுப்போட்டது தெரியும். கலர் குறியீட்டு எண் சரியாக இருந்தும் இப்படித்தான்.

பெயின்ட் வேலை முடிந்ததும் துளை வழியே நீளக் குழாயை விட்டு கேவிட்டி வேக்ஸ் (உள்பக்கத் துருவைத் தடுக்கும் மெழுகு) அடிக்கணும். மடிப்பில் ஊறித் தேன் மாதிரி சொட்டினால் போதும். அதன்பின் துளை திறந்திருக்கிறதா பாருங்கள், வேக்ஸே அடைத்துவிடும். குத்திச் சுத்தம் செய்யக் கம்பி வேண்டாம், பிளாஸ்டிக் கேபிள் டை எடுங்கள். கம்பி கீறிய இடத்தில் துரு திரும்ப ஆரம்பிக்கும்.