தன்னார்வலரா, பீட் காவலரா?

கடலூரில் சுருக்குமடி வலைத் (மீன் கூட்டத்தையே வளைத்து அள்ளும் பெரிய வலை) தகராறு வந்தால் மீனவக் குப்பங்கள் எதிரெதிரே நிற்கும். அங்கே யார் போய்ப் பேசுவது, காவல்துறைக்கு உதவும் தன்னார்வலரா, அந்தப் பகுதியில் ரோந்து வரும் பீட் காவலரா?

1993இல் ராமநாதபுரத்தில் தொடங்கிய ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸ் போன்ற குழுவில் வரும் தன்னார்வலருக்கு ஊர் தெரியும், ஆள் தெரியும். ஆனால் அவரும் ஏதோ ஒரு குப்பத்துக்காரர்தானே, எதிர்த்தரப்பு எப்படி நம்பும்? தவறு செய்தால் துறை நடவடிக்கையும் கிடையாது. சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் காவலில் இறந்த பின் 2020இல் தமிழக அரசு ஃபிரண்ட்ஸ் ஆஃப் போலீஸுக்குத் தடை போட்டது.

பீட் காவலருக்கும் சாதிச் சாய்வு இருக்கலாம். ஆனால் அவர் வந்தாரா என்பதை, ரோந்தின்போது அவர் கையெழுத்திடும் பட்டா புத்தகம் சொல்லும், எஸ்.பி. அலுவலகத்தில் புகார் கொடுக்கலாம். என் தேர்வு அவர்தான். ஒரு நிபந்தனை: அந்தக் கையெழுத்து கடைவீதியில் மட்டுமல்ல, காலனித் தெருவிலும் விழ வேண்டும்.