மூணாறு மலையில் கோபோ கலெக்ட்: பல மழைக்காலம் பயன்படுத்திய அனுபவம்

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் பெரியவாரை பாலம் இடிந்து விழுந்த நாட்களில் நிவாரணக் கணக்கை நாங்கள் நோட்டில்தான் எழுதினோம். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களில் ஏறி இறங்கி எழுதியது மழையில் நனைந்து, மை கரைந்து, பாதிப் பெயர்கள் படிக்க முடியாமல் போயின. ஒரே வீட்டுக்கு இரண்டு தடவை கம்பளி போனது. கைக்குழந்தை இருந்த பக்கத்து வீட்டுக்கு ஒன்றுமே போகவில்லை. அந்த வருத்தம் ஆறாமல்தான் அடுத்த வருடம், போனிலேயே படிவம் நிரப்பி விவரம் சேகரிக்கும் கோபோ கலெக்ட் செயலிக்கு மாறினோம். இன்றுவரை அதுதான்.

ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் மனிதநேய ஆய்வுக் குழுவிடமிருந்து வந்த கருவி இது. உலகம் முழுக்க உதவி அமைப்புகள் பயன்படுத்துகின்றன. படிவத்தை முன்கூட்டியே போனில் இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னலே இல்லாமல் நிரப்பலாம். டவர் கிடைக்கும் இடத்துக்கு வந்த பிறகு அனுப்பினால் போதும். எங்களுக்கு இந்த ஒரு வசதிதான் பெரிது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு பக்கத்துப் பெட்டிமுடியில் லயங்கள் மேல் மலை சரிந்தபோது கரண்டும் இல்லை, போனும் இல்லை. மறுநாள் காலையில்தான் விஷயம் வெளியே தெரிந்தது. 70 பேரை இழந்தோம். டவரை நம்பிச் செய்கிற எந்த ஏற்பாட்டையும் அதன் பிறகு நான் ஏற்பதில்லை.

தமிழ், மலையாளம் இரண்டிலும் கேள்விகளைப் போட்டுவிடலாம். வீட்டில் குழந்தை இல்லை என்று சொன்னால் குழந்தை பற்றிய கேள்விகள் தானாகவே மறைந்துவிடும். ஒரு வீட்டுக்கு ஏழெட்டு நிமிடம் ஆகும். தொல்லைகளும் உண்டு. கடும் மூடுபனியும் மழையுமாக இருக்கும்போது ஜிபிஎஸ் சரியான இடத்தைப் பிடிக்க நேரமாகும். படிவத்தில் ஒரு கேள்வியை மாற்றினால் எல்லார் போனிலும் மறுபடி இறக்கியாக வேண்டும், ஒருவர் மறந்தாலும் கணக்கு குழம்பும். போட்டோ அளவைக் குறைத்து வைக்காவிட்டால் அனுப்புவதற்குள் சார்ஜ் தீர்ந்துவிடும்.

ஆனால் நாங்கள் உண்மையில் திணறியது பெயரில். எங்கள் ஜனங்களுக்கு ரேஷன் கார்டில் பெயர் மலையாளத்தில், ஆதாரில் ஆங்கிலத்தில், பாஸ்புக்கில் இனிஷியலோடு. கொழுந்து கிள்ளும் ஒரு அக்காவுக்கு ஒன்றில் அப்பா இனிஷியல், இன்னொன்றில் வீட்டுக்காரர் இனிஷியல். கூரை போன வீட்டுக்காக 3,000 ரூபாய் அவர் கணக்கில் போட்டோம். பணம் போய்ச் சேர்ந்தது, எடுக்கத்தான் முடியவில்லை. வரவு செலவு இல்லாமல் கணக்கு முடங்கிக் கிடந்திருக்கிறது. புதுப்பிக்கப் போனால் பெயர் ஒத்துப்போகவில்லை என்று வங்கியில் திருப்பி அனுப்பினார்கள். மூணாறுக்கும் லயத்துக்குமாக அலைந்து இரண்டு நாள் கூலி போனது. "தம்பி, கையில குடுத்திருந்தா அன்னைக்கே தகரம் வாங்கியிருப்பேன்" என்றார். அந்த வார்த்தைக்குப் பிறகு படிவத்தில் ஒரு கேள்வி சேர்த்தோம்: இந்தக் கணக்கிலிருந்து கடைசியாக எப்போது பணம் எடுத்தீர்கள்? பதில் தயங்கி வந்தால் பணம் கையில்தான். மற்றவர்களுக்கு முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, வந்ததா என்று கேட்டுவிட்டுத்தான் மீதி.

கைரேகையையும் நான் நம்புவதில்லை. ரேஷன் கடை மெஷினில் வயதான அம்மாக்கள் விரலைச் சேலையில் துடைத்துத் துடைத்து வைப்பதைப் பார்த்திருக்கிறேன். முப்பது வருடம் கொழுந்து கிள்ளிய விரலில் ரேகை எங்கே இருக்கும்? ஓடிபி வந்தால் அது திருப்பூரில் வேலை செய்யும் மகன் போனுக்குப் போகும். ஜோர்டானில் அஸ்ராக் முகாமில் உலக உணவுத் திட்டம் 2017லேயே சிரிய அகதிகளின் கண்ணை ஸ்கேன் செய்து கடையில் சாமான் வாங்க வைத்தது. வேகமான ஏற்பாடுதான். ஆனால் அப்படி எடுத்த விவரம் பிறகு யார் கைக்குப் போகும் என்பதுதான் என் கவலை. வங்கதேசத்தில் ரோஹிங்கியா மக்களிடம் வாங்கிய விவரங்கள், அவர்கள் எந்த அரசுக்குப் பயந்து ஓடிவந்தார்களோ அந்த மியான்மர் அரசிடமே போனதாக 2021ல் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு வெளியிட்டது. அதைப் படித்த வாரமே எங்கள் படிவத்திலிருந்து ஆதார் எண் கட்டத்தை எடுத்துவிட்டோம். அது இல்லாததால் இன்றுவரை ஒரு வீட்டுக்கும் உதவி தடைபடவில்லை.

இப்போது படிவத்தில் 14 கேள்விகள்தான். நிரப்பியதும் போனை அவர்கள் பக்கம் திருப்பி, எழுதியதை ஒருமுறை வாசித்துக் காட்டுகிறோம். பேரனின் வயசை, ஊனமுற்ற மாமனார் உள்ளறையில் படுத்திருப்பதை எல்லாம் அப்போதுதான் ஞாபகம் வந்து சொல்வார்கள். ஜூன் மழை பிடிப்பதற்குள் பவர் பேங்குகளை ஏற்றி, புதுப் படிவத்தை எட்டு போன்களிலும் இறக்கியாக வேண்டும். கூடவே ஒரு நோட்டும் பேனாவும் பிளாஸ்டிக் பையில் போட்டு வைத்திருக்கிறேன்.