டாக்டர் சீட்டு கேட்கும் மெடிக்கல்: பழைய வண்ணாரப்பேட்டை வாடிக்கையாளரின் அனுபவம்

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டின் துணிக்கடைக் கூட்டத்தைத் தாண்டி இரண்டு தெரு உள்ளே இருக்கிறது நான் மருந்து வாங்கும் மெடிக்கல். பத்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. நைனாவின் சுகர் மாத்திரை, அம்மாவின் பிரஷர் மாத்திரை, பிள்ளைகளின் ஜுரம், இருமல் எல்லாவற்றுக்கும் அங்கேதான். கடையின் பெயரை எழுதப் போவதில்லை. தெருக்காரர்களுக்கு எப்படியும் தெரிந்துவிடும்.

நல்லதில் முதல் விஷயம், அங்கே கேட்டதெல்லாம் கிடைக்காது.

எங்கள் பக்கம் மெடிக்கலில் போய் “சளி, ஜுரம், ஒடம்பு வலி, ரெண்டு வேளைக்குக் குடுங்க” என்று கேட்பது வழக்கம். சின்னக் காகித உறையில் நாலு நிறத்தில் மாத்திரை வரும். எது எதற்கென்று கொடுத்தவருக்குத்தான் வெளிச்சம். ஆன்டிபயாடிக் இருக்கலாம், ஸ்டீராய்டும் இருக்கலாம். கிளினிக்கில் காத்திருந்தால் அரை நாள் கூலி போய்விடும் என்பதால், இப்படிக் கேட்பவர்களைத் திட்டவும் மனசு வராது. எங்கள் கடை அக்கா பாரசிட்டமாலும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டும் உடனே எடுத்துக் கொடுப்பார். செஃபிக்ஸிம் மாதிரி ஆன்டிபயாடிக் கேட்டால் மட்டும் “சீட்டு எங்க?” என்று கையை நீட்டுவார். இல்லை என்றால், “கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரிக்குப் போங்க, காசே ஆகாது.”

தெருவில் பலருக்கு இது பிகுவாகத் தெரிகிறது. ஆனால் சட்டம் கேட்பது அதைத்தான். 1940-ஆம் வருஷத்து மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டமும் அதன் 1945 விதிகளும்தான் இந்தியாவில் எல்லா மருந்துக் கடைகளுக்கும் அடிப்படை. அந்த விதிகளில் ஷெட்யூல் ஹெச் என்ற பட்டியலில் உள்ளவற்றை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. 2014 மார்ச்சிலிருந்து ஹெச்-1 என்று இன்னொரு பட்டியலும் நடைமுறைக்கு வந்தது. செஃபிக்ஸிம் அதில் இருக்கிறது. ரிஃபாம்பிசின் போன்ற காசநோய் மருந்துகள், தூக்கத்துக்குத் தரும் அல்பிரசோலம், வலிக்குத் தரும் டிரமடால் எல்லாம் அதே பட்டியல். இவற்றை விற்றால் தனி நோட்டில் டாக்டர் பெயர், நோயாளி பெயர், மருந்து, எண்ணிக்கை எல்லாம் எழுதி, அந்த நோட்டை மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். மருந்து ஆய்வாளர் வந்தால் அதைத்தான் புரட்டுவார். அக்கா எழுதி முடிக்கும்வரை வரிசையில் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள்.

டிரமடால் 2018-இல் போதைப்பொருள் சட்டத்துக்குள்ளும் போனது. வட சென்னையில் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்ளும் பையன்களைப் பற்றி இங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. இருட்டிய பிறகு இரண்டு பேர் பைக்கில் வந்து மெதுவான குரலில் ஏதோ கேட்பதையும், “ஸ்டாக் வைக்கிறதே இல்லப்பா” என்று அக்கா தலையைக்கூட நிமிர்த்தாமல் சொல்வதையும் பார்த்திருக்கிறேன். ஒரு பெண் தனியாகக் கல்லாவில் உட்கார்ந்துகொண்டு இப்படிச் சொல்வது லேசுப்பட்ட விஷயமில்லை.

அடுத்தது பிராண்டு தகராறு. டாக்டர் எழுதிய கம்பெனி மாத்திரை இல்லாவிட்டால், “அதே மருந்துதானே, வேற கம்பெனில குடுங்க” என்போம். சீட்டு மருந்துகளுக்கு எழுதிய பிராண்டுக்குப் பதிலாக வேறொன்றைக் கடைக்காரர் தானாகத் தர விதி அனுமதிப்பதில்லை, உள்ளே இருக்கும் ரசாயனம் ஒன்றாகவே இருந்தாலும். இந்த விதி எனக்கு உடன்பாடில்லை. பொதுப்பெயரில் வரும் மலிவான ஜெனரிக்கைக் கடையிலேயே மாற்றித் தர முடிந்தால் மாதாமாதம் சுகர் மாத்திரை வாங்கும் குடும்பத்துக்கு எவ்வளவோ மிச்சமாகும். அக்கா சொன்ன வழி எளிது: டாக்டரிடமே கேட்டு மருந்தின் பொதுப்பெயரை எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும். அப்படி எழுதி வாங்கிப் போனபோது, “நைனாவோட மெட்ஃபார்மின முதல்வர் மருந்தகத்துலயே வாங்கிக்கோங்க, என்னால அந்த விலைக்குத் தர முடியாது” என்றார். தன் வியாபாரத்தை விட்டுக்கொடுத்து இதைச் சொல்ல அவருக்கு அவசியமே இல்லை. (விலைக்கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகளில் சில்லறைக் கடைக்கு ஒதுக்கியிருக்கும் லாபம் 16 சதவீதம். அதற்குள் வாடகை, கரண்ட், சம்பளம். பெரிய கடைகள் 20 சதவீதம் தள்ளுபடி என்று போர்டு மாட்டும்போது இதுவும் ஞாபகத்துக்கு வரும்.)

பில் விஷயத்துக்கு வருகிறேன். அங்கே கேட்காமலே பில் வரும். அதில் பேட்ச் எண்ணும் எக்ஸ்பைரியும் இருக்கும். 2025 அக்டோபர் வரை நான் அதைப் படித்ததாக நினைவில்லை. காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான கோல்ட்ரிஃப் இருமல் சிரப்பில் டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு இருந்து, மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்த நேரம் அது. தமிழ்நாடு அரசு அந்த சிரப்பின் விற்பனையை நிறுத்தியது. அந்த வாரம் கடைக்கு பழைய சிரப் பாட்டில்களை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு அம்மாக்கள் வந்தபடியே இருந்தார்கள். அக்கா ஒவ்வொன்றாக வாங்கிப் பெயரைப் பார்த்து, “இது அது இல்ல, ஆனா நாலு வயசுக்குக் கீழ குடுக்காதீங்கன்னு இதுலயே போட்டிருக்கு பாருங்க” என்று படித்துக் காட்டினார். குளோர்பெனிரமினும் ஃபினைலெஃப்ரினும் சேர்ந்த சளி மருந்துகளில் அந்த எச்சரிக்கை 2023 டிசம்பரிலேயே கட்டாயமானது. எழுத்து அவ்வளவு பொடி, கண்ணாடி போட்டாலும் தெரியாது.

அதே 2023 டிசம்பரில்தான் மிக்ஜாம் புயல். கரண்ட் இல்லை, தெருவில் முட்டளவுத் தண்ணீர். பிரிக்காத இன்சுலினை 2 முதல் 8 டிகிரிக்குள் வைக்க வேண்டும். அக்கா இன்வர்ட்டரில் கடை ஃப்ரிட்ஜை மட்டும் ஓட்டி, தெருக்காரர்களின் பிரிக்காத இன்சுலினையும் பெயர் எழுதி உள்ளே வைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டு ஆயா பயந்துபோய்ப் பாதி பயன்படுத்திய பேனாவையும் நீட்டினார். “ஆயா, பிரிச்சது வெளியவே இருக்கலாம், வெயில் படாம வெச்சுக்கோ” என்று திருப்பி அனுப்பினார்.

இனி குறைகள். ஞாயிற்றுக்கிழமை அக்கா இருக்க மாட்டார். சுவரில் அவருடைய பதிவுச் சான்றிதழ் மட்டும் தொங்கும். பில் போடும் பையன்தான் மருந்தையும் எடுத்துக் கொடுப்பான். பதிவு பெற்ற மருந்தாளுநர் இல்லாமல் சீட்டு மருந்து கொடுக்கக் கூடாது என்பது 1948-ஆம் வருஷத்து ஃபார்மசி சட்டம். ஒரு ஞாயிறு அம்மாவின் 2.5 மில்லிகிராம் மாத்திரைக்குப் பதிலாக 5 வந்தது. வீட்டில் அட்டையைப் பார்த்து மாற்றிக்கொண்டோம். திங்கட்கிழமை சொன்னபோது அக்கா முகம் சுருங்கியது, ஆனால் ஏற்பாடு மாறவில்லை. அதனால் ஞாயிறு அங்கே பேண்டேஜும் பால் பவுடரும்தான் வாங்குவது.

கல்லாவில் மறைவு என்பதே கிடையாது. உங்களுக்கு என்ன நோய் என்பது பின்னால் நிற்பவருக்கும் தெரியும். பொம்பளைப் பிள்ளைகள் கர்ப்பப் பரிசோதனைக் கிட் கேட்கக் கூசுகிறார்கள். அவசரக் கருத்தடை மாத்திரைக்குச் சீட்டே தேவையில்லை, ஆனாலும் தமிழ்நாட்டில் பெரும்பாலான கடைகளைப் போல இங்கேயும் வைப்பதில்லை. ஏன் என்று கேட்டால் அக்கா பேச்சை மாற்றிவிடுவார்.

ராத்திரி பத்தரைக்கு ஷட்டர் இறங்கும். அப்புறம் ஏதாவது வேண்டுமென்றால் ஸ்டான்லி ஆஸ்பத்திரிப் பக்கம்தான் போக வேண்டும். இன்சுலின் வேண்டுமானால் முந்தின நாளே சொல்லி வையுங்கள், ஃப்ரிட்ஜ் சின்னது, அதிகம் வாங்கி அடுக்க மாட்டார்.